பொன்னாடை இருக்கட்டும், பதினைந்து வயதில் ஒரு மேடை கொடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் கோயில் விழாக் குழுவினர், பள்ளித் தாளாளர்கள், கண்காட்சி மேடைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ஓசூர் சந்திரசூடேசுவரர் தேர், குமாரசாமிப்பேட்டை தைப்பூசம், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, அப்புறம் ஊருக்கு ஊர் பள்ளி ஆண்டு விழா என்று வருஷம் முழுக்க மேடை போடுகிறவர்கள் நீங்கள். அந்த மேடையில் ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்து வயலின் வாசித்தால் கூட்டம் அசந்துபோகிறது. செல்போன்கள் உயர்கின்றன, பொன்னாடை வருகிறது, 'பால மேதை' என்று பேனர் வருகிறது. இதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வயலின் கற்றுக்கொடுப்பதும், பக்கவாத்தியம் வாசிப்பதும், விரிசல் விட்ட கருவியை ஒட்டிக்கொடுப்பதும்தான் எங்கள் பிழைப்பு. ஆனால் எட்டு வயதில் உங்கள் பேனரில் இருந்த பிள்ளையின் பெயர் பதினைந்து வயதில் உங்கள் அழைப்பிதழில் இருப்பதில்லை. அந்த ஏழு வருஷத்தில் என்ன நடக்கிறது, அதில் உங்கள் கையில் இருப்பது எது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பால மேதை என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர் வயலின் வித்வான் யெஹுதி மெனுஹின். 1916இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1924இல், ஏழு வயதில், சான்பிரான்சிஸ்கோ சிம்பனி இசைக்குழுவுடன் வாசித்தார். 1929 ஏப்ரலில், பன்னிரண்டு வயதில், பெர்லினில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் மூவரின் கன்செர்ட்டோக்களையும் (இசைக்குழுவோடு தனி வாத்தியம் வாசிக்கும் பெரிய உருப்படி) ஒரே மாலையில் வாசித்தார். நம் கணக்கில், ஒரு பொடியன் ஒரே கச்சேரியில் மூன்று ராகம் தானம் பல்லவி வாசித்த மாதிரி. 1932இல் இசையமைப்பாளர் எல்கரே நடத்த, அவருடைய கன்செர்ட்டோவை இசைத்தட்டில் பதிந்தபோது வயது 16.

இதெல்லாம் பேனரில் போடக்கூடிய பகுதி. போடாத பகுதி ஒன்று இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது பெல்ஜியத்தின் பெரிய வித்வான் யூஜின் இசாய் முன்னால் வாசித்துக்காட்டப் போனார் மெனுஹின். பெரிய உருப்படி ஒன்றை அனாயாசமாக வாசித்தார். இசாய் அடுத்துக் கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று: நான்கு ஸ்தாயிக்கு ஒரு ஆர்பெஜியோ. ஸ, க, ப என்று ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டி ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். பையன் விரல்பலகையில் இடம் தெரியாமல் தடுமாறினான். ஸ்வரப் பயிற்சி செய்தால் நல்லது என்று சொல்லி அனுப்பினார் இசாய். அந்த அஸ்திவாரம் அப்போது விழவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக நூற்றுக்கணக்கான கச்சேரிகள் வாசித்து ஓய்ந்தபின், நடுவயதில் வில் பிடிக்கும் கை சொன்னபடி கேட்காமல் போனது. உலகம் அறிந்த வித்வான், வில்லை எப்படிப் பிடிப்பது என்பதை முதலிலிருந்து யோசித்துக் கற்க வேண்டியிருந்தது. 1952இல் பம்பாயில் அவர் யோகா ஆசான் பி.கே.எஸ். அய்யங்காரைச் சந்தித்து யோகாசனம் பழகத் தொடங்கினார். அய்யங்கார் பிறந்த பெள்ளூர் கோலார் மாவட்டம், நம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். பிறகு மெனுஹின் அவருக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தில் 'என் மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு' என்று பொறித்திருந்தது. முதுகும் தோளும் மூச்சும் சரியாக இல்லாமல் வயலின் இல்லை என்பதை அவர் எவ்வளவு தாமதமாகக் கற்க நேர்ந்தது என்பதற்கு அந்தக் கடிகாரமே சாட்சி.

மெனுஹினுக்கு இருந்த வசதி நம் பிள்ளைகளுக்கு இல்லை. நடுவயதில் கை நின்றுபோனால் மறுபடி தொடங்க அவர்களுக்கு யாரும் அவகாசம் கொடுக்கப் போவதில்லை. அதனால் சின்ன வயதிலேயே சரியாக இருக்க வேண்டிய சில விஷயங்கள்.

முதலாவது, கருவியின் அளவு. குழந்தைகளுக்கான வயலின் 1/8, 1/4, 1/2, 3/4 என்று வரும். பெரியவர்கள் வாசிப்பது 4/4. முழு வயலினின் உடல் நீளம் சுமார் 14 அங்குலம், முக்கால் சைஸ் 13¼, அரை சைஸ் 12¼, கால் சைஸ் 11. பெயர்தான் அரை, நீளத்தில் ஒன்றே முக்கால் அங்குலம்தான் குறைவு. அதனாலேயே 'வளர்ற புள்ளதானே, ஃபுல் சைஸே வாங்கிடலாம்' என்று யூனிஃபார்ம் தைக்கிற கணக்கில் வாங்கிவிடுகிறார்கள். சட்டை தொளதொளவென்று இருந்தால் மடித்து விட்டுக்கொள்ளலாம், வயலினை மடிக்க முடியாது.

அளவெடுப்பது சுலபம். பிள்ளையின் இடக்கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடு வரை டேப் பிடியுங்கள். 23 அங்குலம் வந்தால் முழு சைஸ், 22 வாக்கில் முக்கால், 20 வாக்கில் அரை, 18½ வாக்கில் கால். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சின்னதை எடுங்கள். நம் கர்நாடக இசை முறைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பிள்ளை சம்மணமிட்டு, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பகுதியை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவில் அணைத்துக்கொள்ளட்டும். தந்தியை முறுக்கும் பிருடைப் பக்கம் முதல் விரலை வைக்கும்போது முழங்கை கொஞ்சமாவது மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் கருவி பெரிது.

பெரிதானால் என்ன கெட்டுப்போகும்? மேற்கத்திய முறையில் விரல் எட்டாமல் போகும், அவ்வளவுதான். நம் முறையில் சேதம் அதிகம், ஏனென்றால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, விரலில் மட்டும் இல்லை, கை தந்திமேல் வழுக்கிப் போய் வருவதில் இருக்கிறது. ஏற்கெனவே விறைத்த கை எங்கே வழுக்கும்? தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் அசைய வேண்டிய இடத்தில் அப்படியே நின்றுவிடும். பிள்ளை அதை வேகத்தால் மறைக்கக் கற்றுக்கொள்ளும். கூட்டத்துக்கு வேகம் பிடிக்கும், கைதட்டும். எட்டு வயதில் கைதட்டு வாங்கித் தந்த அந்த வேகத்தை பதினைந்து வயதில் கழற்றி எறிவது எவ்வளவு சிரமம் என்பது கற்றுக்கொடுக்கிறவர்களுக்குத் தெரியும்.

சைஸ் மாற்றும்போது இன்னொரு சங்கடம். அரையிலிருந்து முக்காலுக்குப் போனால் ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடும். பழைய பழக்கத்தில் விரல் குறுக்கி விழும், எல்லா ஸ்வரமும் ஒரு நூல் இறங்கி நிற்கும். காதுக்குத் தப்புத் தெரியும், கைக்குத் தெரியாது. ஆரம்பப் பாடங்களான ஸரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் தம்பூராவோடு முதல் காலத்தில், அதாவது மெதுவாக, தினமும் வாசித்தால் நாலிலிருந்து ஆறு வாரத்தில் சரியாகும். அந்த ஆறு வாரத்தில் மேடை வேண்டாம். 'போன மாசம் நல்லா வாசிச்சானே, இப்ப என்ன ஆச்சு' என்று யாராவது பிள்ளை காதுபடச் சொன்னால் அது மூன்று மாசத்துக்கு மனசில் நிற்கும்.

சுருதி விஷயத்திலும் சின்ன வயலினுக்கு எல்லை உண்டு. தந்தியின் நீளம் குறைவு என்பதால் அதே சுருதிக்கு இழுவிசையும் குறைவு. கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும். அரை சைஸை 1 கட்டைக்கு இறக்கினால் நான்காம் தந்தி தொய்ந்து, வில் பட்டதும் 'பர்ர்' என்று கரகரக்கும். அந்த வயலின் 2½, 3 கட்டையில்தான் பேசும். ஆகவே 1 கட்டையில் பாடும் வித்வானுக்குப் பக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையை உட்கார வைத்தால் அழகாக இருக்குமே என்று ஆசைப்படாதீர்கள். போட்டோவில் அழகாகத்தான் இருக்கும்.

இனி, பேனரில் வராத வயது. பன்னிரண்டிலிருந்து பதினாறு. கை திடீரென்று நீள்கிறது, விரல் நுனி தடிக்கிறது, முக்காலிலிருந்து முழு சைஸுக்கு மாற வேண்டியிருக்கிறது. அதே நேரம் ஒன்பதாம் வகுப்பு வருகிறது, பத்தாம் வகுப்பு வருகிறது, டியூஷன் வருகிறது. மார்ச்சில் பொதுத்தேர்வு, அதே மார்ச்சில் பங்குனி விழாக்கள். வாசிப்பு கொஞ்சம் தள்ளாடுகிறது. அதே சமயம் மேடையில் உட்கார்ந்தால் 'ஐயோ, எவ்ளோ சின்னப் புள்ள' என்று சொல்ல யாருமில்லை. நீங்களும் அடுத்த ஏழு வயதுப் பிள்ளையைத் தேடிப் போய்விடுகிறீர்கள். தன்னைக் கூப்பிட்டது தன் வாசிப்புக்காக அல்ல, தன் உயரத்துக்காகத்தான் என்று பிள்ளைக்குப் புரிவது அந்த வருஷத்தில்தான். வயலின் பெட்டி பீரோ மேலே ஏறுவதும் அந்த வருஷத்தில்தான்.

இதைத் தாண்டி வந்தவர்கள் எப்படி வந்தார்கள்? எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் எட்டு வயதில் தந்தை பரூர் சுந்தரம் அய்யரோடு மேடையேறியவர். டி.என். கிருஷ்ணன் பதினொரு வயதில் தனிக் கச்சேரி செய்தவர். லால்குடி ஜெயராமன் பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியமாகத் தொடங்கியவர். மூவரும் அதிசயக் குழந்தைகள்தான். ஆனால் அவர்களை வித்வான்களாக ஆக்கியது அந்த அதிசயம் அல்ல, அதற்குப் பிறகு பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த நூற்றுக்கணக்கான இரவுகள். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி, ஒரு வேகம். லால்குடி இவர்கள் எல்லோருக்கும் வாசித்தார். பாடகர் என்ன ராகம் எடுக்கப் போகிறார் என்பது பக்கவாத்தியக்காரருக்கு மேடையில்தான் தெரியும். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் பாடகரின் வாக்கியத்தை அரை மூச்சு பின்னால் நிழல் போலத் தொடர வேண்டும், அவர் நிறுத்தும்போது அதன் வாலை மட்டும் மெல்லப் பிடித்து நிற்க வேண்டும், பிறகு தன் முறை வரும்போது அவர் பாடிய நேரத்தில் பாதிக்குள் அதே ராகத்தைத் தன் வழியில் சொல்லி முடிக்க வேண்டும். மேடையிலேயே கற்பனை செய்து பாடும் கல்பனாஸ்வரத்தில் அவர் விட்ட கணக்கைக் காதில் வாங்கி அடுத்த ஆவர்த்தத்தில் (தாளச் சுற்றில்) திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டில் எத்தனை மணி நேரம் சாதகம் பண்ணினாலும் இது வராது. பக்கத்தில் ஒருவர் பாட வேண்டும், எதிரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளில் பெரியது இதுதான்: உங்கள் விழாவுக்குச் சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பாடகரை அழைக்கும்போது, வயலினுக்கு நம் மாவட்டத்தின் 14 முதல் 18 வயதுப் பிள்ளை ஒருவரைப் போடுங்கள். எல்லாக் கச்சேரிக்கும் வேண்டாம். பத்து நாள் விழாவில் இரண்டு நாள் போதும். வளரும் பாடகர்கள் இதற்குச் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். மூத்த வித்வான்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் மேடையில் வைத்து அறிமுகம் செய்தால் அவர்கள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. பாடகரின் சுருதி என்ன என்பதை ஒரு வாரம் முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். ஆண் குரல் 1 கட்டை வாக்கில், பெண் குரல் 5 கட்டை வாக்கில் இருக்கும். இந்த வித்தியாசத்துக்குப் பிருடையைத் திருகினால் மட்டும் போதாது, தந்தியின் கனத்தையே மாற்ற வேண்டியிருக்கும். புதுத் தந்தி இழுபட்டு நிலைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அன்று மாலை மாட்டினால் கச்சேரி முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும்.

சன்மானத்தைப் பிள்ளையின் பெயரில் உறை போட்டுக் கொடுங்கள். மிருதங்கக்காரருக்குக் கொடுப்பதில் பாதியாவது இருக்கட்டும். 'வாய்ப்பு கொடுத்ததே பெரிசு' என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பஸ் செலவு, தந்தி செலவு, வில்லுக்கு முடி மாற்றும் செலவு எல்லாம் வாய்ப்பில் வராது.

அடுத்து, சாதனை. 'தொடர்ந்து மூன்று மணி நேரம் வயலின்', 'நூறு மாணவர்கள் ஒரே நேரத்தில்' என்று சான்றிதழ் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வயலினின் நான்கு தந்தியையும் சுருதி சேர்க்கக் கைதேர்ந்தவருக்கே இரண்டு நிமிஷம். நூறு வயலினுக்கு 200 நிமிஷம். ஐந்து ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டால் 40 நிமிஷம். நூறாவது வயலினைச் சேர்த்து முடிக்கும்போது வெயிலில் முதல் வயலின் இறங்கியிருக்கும். ஆகவே அங்கே நடப்பது நூறு பேர் நூறு சுருதியில் வாசிப்பது. அதை மூடி மறைக்க ஸ்பீக்கரில் பதிவு செய்த பாட்டு ஓடும். மூன்று மணி நேரத் தனி வாசிப்போ நேரடியாகவே கெடுதல். பத்து வயதுக்குள் ஒரே மூச்சில் 25 நிமிஷத்துக்கு மேல் வில் பிடிக்கக் கூடாது; இடையில் ஐந்து நிமிஷம் கையைத் தொங்கவிட்டு நடக்க வேண்டும். விரல் நுனி காய்ப்பது இயல்பு. மணிக்கட்டு வலியும், சுண்டுவிரல் மரத்துப்போவதும், வலது தோள் காதை நோக்கி ஏறுவதும் இயல்பு அல்ல. அவை வந்தால் அன்றைக்கு வயலின் பெட்டிக்குள் போக வேண்டும். சான்றிதழுக்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைச் சொல்லாது.

சின்னப் பிள்ளையை மேடையேற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஏற்றுங்கள், இடையில் ஐந்து நிமிஷ ஓய்வோடு 40 நிமிஷம் கொடுங்கள். ஒரு வர்ணம் இரண்டு காலத்தில், மூன்று சின்னக் கீர்த்தனை, கொஞ்சம் ஆலாபனையோடு ஒன்று, லேசான ஒரு துக்கடா, தாராளமாக அடங்கும். 'அந்த சினிமாப் பாட்டு ஒண்ணு' என்று முன்வரிசையிலிருந்து சீட்டு வரும், தெரியும். கடைசியில் ஒன்று வாசிக்கட்டும், தப்பில்லை. நடுவில் வேண்டாம்.

நேரம்தான் உங்களிடம் பெரிய பிரச்சினை. அழைப்பிதழில் 6.30 என்று போட்டு, சிறப்பு விருந்தினர் எட்டுக்கு வந்து, ஏழு பேர் பேசி முடிக்கும்போது மணி பத்து. அதுவரை பிள்ளை பட்டுப் பாவாடையோடு பசியும் தூக்கமுமாகப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். வயலினும்தான். மாலையில் சேர்த்த சுருதி இரவுக் காற்றுக்கு நிற்காது. ஓசூர் பக்கம் குளிர் இறங்கும்போது இன்னும் மோசம். பிள்ளையின் கச்சேரியை முதலில் வையுங்கள், பேச்சைப் பின்னால் வையுங்கள். பேச்சாளர்கள் காத்திருக்கட்டுமே, அவர்களுக்குச் சுருதி இறங்காது.

மைக்செட்காரரிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன, ஏனென்றால் நல்ல வாசிப்பு நம் ஊரில் செத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான். எக்கோவை முழுசாக அணைக்கச் சொல்லுங்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் போட்டு வைத்த எக்கோ வயலினுக்கு வந்தால் ஒரு கமகத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் தலையில் ஏறி எல்லாம் கூழாகிவிடும். மைக்கை வயலினின் மேற்பலகையில் உள்ள வளைந்த துளையைப் பார்த்து ஒரு அடி தூரத்தில், வில் இடிக்காத பக்கமாக வைக்க வேண்டும். தந்திகளைத் தாங்கும் குதிரையில் ஒட்டும் பிக்கப் மைக் இருந்தால் பேட்டரியை அன்றைக்குப் புதிதாகப் போடுங்கள். பாதியில் பேட்டரி இறங்கினால் சத்தம் கரகரப்பாகிப் பிறகு காணாமல் போகும். பெடஸ்டல் ஃபேன் மைக்குக்கு நேராக வீசக் கூடாது. மிருதங்கத்தை வயலினுக்கு மேலே ஏற்றக் கூடாது. பிள்ளைக்கு எதிரே ஒரு சின்ன மானிட்டர் பாக்ஸ் வைத்து அதில் தம்பூராச் சுருதியும் வயலினும் கேட்கும்படி விடுங்கள். ஸ்வரத்தின் இடத்தைக் காட்டும் ஃபிரெட் இல்லாத வாத்தியம் அது. தன் சத்தம் தனக்குக் கேட்காவிட்டால் உலகத்தின் எந்த மேதையும் அபஸ்வரம்தான் வாசிப்பார். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வருமே, அப்போது மிக்சரில் வயலின் சேனலை இறக்கிவிட ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதற்கெல்லாம் கச்சேரிக்கு முன் 20 நிமிஷம் போதும். அந்த 20 நிமிஷத்தில் தேர்த்தட்டில் வாணம் விடாமல் இருந்தால் இன்னும் புண்ணியம்.

மேடையில் நாற்காலி போட்டு வைக்காதீர்கள். கீழே உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியம். நல்ல சமதளமும் மடித்த ஜமக்காளமும் போதும். மேடைப் பலகை ஆடினால் கணுக்காலில் ஊன்றிய சுருள் தலை வழுக்கும், பிள்ளை கால் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வாசிக்கும், பத்து நிமிஷத்தில் கால் மரத்துப்போகும்.

கருவி கெட்டுப்போகும் வழிகளில் ஒன்றிரண்டு. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லை. பாடம் கற்க, கச்சேரிக்குப் போக எல்லாம் பஸ்தான். வயலினை டிக்கியில் போடுவதும், எஞ்சின் சூடு ஏறும் முன்பக்கத்தில் வைப்பதும், சித்திரை வெயிலில் பூட்டிய காரில் விட்டுவிடுவதும் ஒன்றுதான். வயலினின் பலகைகளை ஒட்டியிருக்கும் வஜ்ஜிரம் சூட்டில் இளகும், விலாவில் வாய் பிளக்கும். வெளியே தெரியாது, வாசிக்கும்போது ஒரு தந்தியில் மட்டும் 'ஜ்ஜ்' என்று ஒரு சத்தம் வரும். முதுகுப் பலகையின் விளிம்பை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், பிளந்த இடத்தில் சத்தம் மாறும். ஃபெவிகால், ஃபெவிக்விக் எதுவும் போடாதீர்கள். வஜ்ஜிரத்தில் ஒட்டியதை மறுபடி திறக்கலாம். அவற்றில் ஒட்டியதைத் திறந்தால் மரம் பிய்ந்துகொண்டு வரும். பிருடை வழுக்கினால் அதைக் கழற்றி, துளையில் படும் இடத்தில் சாக்பீஸ் தேய்த்துச் செருகுங்கள். இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால் காய்ந்த சோப்பைத் தேயுங்கள். தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. அழுத்தம் போனால் உள்ளே குச்சி மாதிரி நிற்கும் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடும், அதை நிறுத்த வளைந்த கம்பியும் பொறுமையும் உள்ள ஆள் வேண்டும், நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லை. சுருதி கூட்டக் கூட்ட குதிரை விரல்பலகைப் பக்கம் சாயும். வாலடிப் பக்கம் பார்க்கும் முகம் செங்குத்தாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, இரு கையாலும் மெல்லப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த வேண்டும். முடிக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி வாசிப்பதற்கு. பெட்டிக்குள் போகும்போது அதுவும் வேண்டாம்.

இப்போது காசு விஷயம். ஒரு பிள்ளை ஒரு சைஸை ஒன்றிலிருந்து இரண்டு வருஷம்தான் வாசிக்கும். கால், அரை, முக்கால் என்று மூன்று முறை வாங்கி மூன்று முறை விற்க எல்லா வீட்டிலும் முடியாது. அதனால்தான் 'ஃபுல் சைஸே வாங்கிடலாம்' என்ற முடிவு வருகிறது. அது அறியாமை மட்டுமல்ல, சம்பளமும்தான். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, வயலினும் உண்டு; ஆனால் அங்கே சேர 12 வயது ஆக வேண்டும். அதற்கு முந்தைய ஆறேழு வருஷத்துக்குத்தான் சின்ன சைஸ் தேவை. ஆண்டுதோறும் நீங்கள் வாங்கும் ஷீல்டு, கேடயம், பிளாஸ்டிக் கோப்பை வகையறாவுக்கு ஆகும் தொகையை ஒரு வருஷம் ஒதுக்கினால், கால் சைஸ் இரண்டு, அரை சைஸ் மூன்று, முக்கால் சைஸ் மூன்று வாங்கி ஊருக்குப் பொதுவில் வைக்கலாம். நோட்டுப் போட்டு, முன்பணம் சிறிது வாங்கி, ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் என்று கொடுங்கள். திரும்பி வரும்போது குதிரை, சவுண்ட் போஸ்ட், பிருடை, வில் முடி நான்கையும் பார்த்து வாங்க ஒருவர் வேண்டும். அதை நாங்கள் சம்பளமில்லாமல் செய்கிறோம். தருமபுரிக்கு ஒன்று, கிருஷ்ணகிரிக்கு ஒன்று, ஓசூருக்கு ஒன்று இருந்தால் போதும்.

பள்ளித் தாளாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 10 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் உள்ள சி.சி.ஆர்.டி. என்ற பயிற்சி மையத்தின் கலைத்திறன் உதவித்தொகை இருக்கிறது. விண்ணப்பத்தில் பள்ளியின் கையெழுத்து வேண்டும், அதற்கு அலையவிடாதீர்கள். மாவட்டக் கலை மன்றம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் 'கலை இளமணி' விருது தருகிறது. அந்த அறிவிப்பு பெரும்பாலும் உங்கள் நோட்டீஸ் போர்டு வரைக்கும் வருவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 'இந்த வருஷம் வயலினை மூட்டை கட்டி வை' என்று சொல்லாதீர்கள். தினம் 40 நிமிஷம் போதும்: பத்து நிமிஷம் நீண்ட வில், பத்து நிமிஷம் வரிசைகளும் அலங்காரமும், இருபது நிமிஷம் ஒரே ஒரு ராகம். ஒரு வருஷம் முழுக்கத் தொடாமல் விட்டால் காது மறக்காது, கை மறந்துவிடும். திரும்பி வரும்போது தான் முன்பு வாசித்ததைவிடத் தாழ்வாக வாசிப்பது அந்தப் பிள்ளைக்கே நன்றாகக் கேட்கும். பால மேதையாக இருந்தவர்களால் தாங்க முடியாதது அது ஒன்றுதான்.

தைப்பூசத்துக்கும் பங்குனிக்கும் கலை நிகழ்ச்சிப் பட்டியல் எழுதும் நேரம் வருகிறது. 'வயலின்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் பெயர் எழுதும்போது ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய உங்கள் அழைப்பிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் குழந்தையாக இருந்தவரின் வீட்டு முகவரி உங்கள் பழைய நோட்டில் இருக்கும். இப்போது அவருக்கு மீசை அரும்பியிருக்கலாம், அல்லது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருக்கலாம். ஒரு கச்சேரிக்குக் கூப்பிடுங்கள். கை கொஞ்சம் துருப்பிடித்திருந்தால் ஒரு மாசம் முன்னால் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வயலின் கற்பிப்போரும் பக்கவாத்தியம் வாசிப்போரும்
கிருஷ்ணகிரி – தருமபுரி

பின்குறிப்பு: மேடைக்கு ஏறுமுன் வாத்தியக்காரர் கையில் சந்தனம் பூச வேண்டாம். மரியாதை தெரிகிறது, ஆனால் அது விரலிலிருந்து தந்திக்கும், தந்தியிலிருந்து வில் முடிக்கும் போய், முதல் வர்ணம் முடிவதற்குள் வில் வழுக்கத் தொடங்கிவிடும். நெற்றியில் வையுங்கள். பஜ்ஜியைக் கச்சேரி முடிந்தபின் கொடுங்கள்.